பிரியாணிக்கு அமுக்கிய நம்பர்

அடிபட்ட தலையைத் தடவிப் பார்க்கத் திண்டுக்கல்லில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அடிபடாத தலையை முன்கூட்டியே அளந்து நோட்டில் எழுதி வைத்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மீட்டர் அண்ணன்.

சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கரண்டு பார்க்கும் மீட்டர் எப்போதும் கழுத்தில் தொங்கும். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். டீ சூடாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால்கூட, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதற்குள் டீ ஆறிவிடும். சூடு என்று பொய் சொன்னதாகக் கடைக்காரருடன் சண்டைக்குப் போவார்.

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் நான் எங்கள் தெரு கால்பந்து டீமில் பின்வரிசையில் ஆடினேன். உயரமாக வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளுவது என் வேலை. யாருக்காவது தலையில் அடிபட்டால் எங்களிடம் இருந்த வைத்தியம் இரண்டு. முகத்தில் சோடா அடிப்போம். பிறகு கேப்டன் சேவியர் விரலை நீட்டி எத்தனை என்று கேட்பான். அவன் எப்போதும் இரண்டு விரல்தான் நீட்டுவான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணைத் திறக்காமலே "ரெண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவோம்.

அப்படி "ரெண்டு" சொல்லிவிட்டு ஓடிய எங்கள் சென்டர் பார்வர்டு ஒருநாள் அருமையான கோல் ஒன்று போட்டான். எங்கள் கோலிலேயே. போட்டதோடு விடாமல் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றும் சுற்றி வந்தான். ஊரே ஒரு வாரம் சிரித்தது. மீட்டர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மண்டையில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் உள்ளே மூளை குலுங்கியிருக்கிறது, இதை உடனே கண்டுபிடிக்க வழி இல்லையா என்று போவோர் வருவோரையெல்லாம் பிடித்துக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடையைப் பாதி மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மரப்பெட்டியோடு வெளியே வந்தார். டேப் ரிக்கார்டர் மோட்டார், பழைய ரேடியோவின் முள், ஒரு டார்ச் பல்பு, ஒரு பித்தான். பல்பு எரிந்ததும் முள் ஓட ஆரம்பிக்கும். பித்தானை அமுக்கினால் நின்றுவிடும். நின்ற இடத்தில் உள்ள நம்பர் சின்னதாக இருந்தால் சுறுசுறுப்பு. நன்றாக இருக்கும்போதே ஒவ்வொருவர் நம்பரையும் எழுதிக்கொள்வது, அடிபட்டதும் மறுபடி அமுக்கச் சொல்வது, முள் அதிகம் ஓடிவிட்டால் ஆளை வெளியே உட்கார வைப்பது. இதுதான் அவர் திட்டம்.

முதலில் ஊரைத்தான் அளந்தார். தபால்காரர், போலீஸ்காரர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, ஒருவரையும் விடவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் மந்தம் என்று பெண் வீட்டார் காதுபட அறிவித்ததில் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

பிறகு எங்கள் முறை. சேவியர் எங்களைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னான். எல்லோரும் இப்போதே மெதுவாக அமுக்கிவிட்டால், பின்னால் எவ்வளவு அடிபட்டாலும் அந்தப் பெட்டி நம்மை வெளியே அனுப்பாது. எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே அமுக்கினோம். என் நம்பர் நாற்பத்திரண்டு. மீட்டர் அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுவாரம் அதே பெட்டியோடு வந்து, சும்மா ஒரு பந்தயம், முதலில் வருகிறவனுக்கு மட்டன் பிரியாணி என்றார். அன்றைக்குப் பித்தான் உடையாமல் இருந்ததே பெரிது. இருபத்தொன்றில் நான்தான் ஜெயித்தேன். பிரியாணியும் சாப்பிட்டேன்.

அந்த வருசம் கொடைரோடு டீமோடு பைனல். ஒரு மில் ஆபீசர் தங்கள் டீமுக்கு ஆள் எடுக்க வந்திருந்தார். எடுபட்டால் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலைக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பந்துக்கு எகிறினேன். கொடைரோடுக்காரனும் எகிறினான். எங்கள் இரண்டு தலையும் மோதின. சோடா அடித்தார்கள். "ரெண்டு" என்றேன். சேவியர் இன்னும் விரலையே நீட்டியிருக்கவில்லை.

மீட்டர் அண்ணன் பெட்டியோடு ஓடிவந்தார். அமுக்கினேன். நாற்பத்தொன்று.

"பாருங்கண்ணே, நோட்டுல இருக்குறதுக்கு ஒண்ணு கம்மியாத்தான் இருக்கு" என்றான் சேவியர். "அவனை விடுங்க."

மீட்டர் அண்ணன் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "அது நீங்க சும்மா அமுக்குன நம்பருடா. இந்தா, இது பிரியாணிக்கு அமுக்குனது. இருபத்தொண்ணு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, மில்லுக்காரர் பாத்துக்கிட்டு இருக்காரு. பத்தே நிமிசம். எனக்கு ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லைன்னு வாய் சொல்லுது. கை சொல்லலையே, அப்பு."

சொல்லிக்கொண்டே என் வலது கால் பூட்ஸைக் கழற்றி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தைந்து கிலோ ஆள். கோபத்தில் ஒற்றைக் கால் பூட்ஸோடு விறுவிறுவென்று நடந்தேன். போய்க் கொடைரோடுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, நம்ம டீம் எத்தனை கோல் என்று அவர்களையே கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது.

அவருடைய மொபெட்டில் என்னை நடுவில் வைத்து, பின்னால் சேவியர் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதற்குக் கன்கஷன் என்று பேர், மூளை அதிர்ந்திருக்கிறது, இதே நிலையில் இன்னொரு முட்டு முட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரும் ஒருமுறை அமுக்கினார். முப்பது. மீட்டர் அண்ணன் அவரை நன்றாகத் தூங்கச் சொன்னார்.

மேட்சில் தோற்றோம். மில் ஆபீசர் விசயத்தைக் கேட்டுவிட்டு, நம்பர் சரியானதும் பையனை அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். இப்படி ஒரு பெட்டி எங்களுக்கும் வேண்டும் என்றாராம். இன்றைக்கு இதைவிடப் பெரிய பெரிய கருவிகள் வருவதாகப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. ஆனாலும் தலையில் அடிபட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே. நாங்கள் செய்தது போலக் கருவியை ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

அதன்பிறகு மீட்டர் அண்ணன் தினமும் காலையில் கடையைத் திறக்காமல் எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்தார். முப்பத்தாறு, முப்பத்திரண்டு, இருபத்தெட்டு. ஒருநாள் கூடும், மறுநாள் குறையும். இருபதாவது நாள் முள் இருபத்தொன்றில் நின்றது. மூன்று தடவை அமுக்கச் சொன்னார். மூன்று தடவையும் அதே நம்பர். அடுத்த மாதம் மில்லில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

முள் இருபத்தொன்றில் நின்ற அன்று அவர் எங்கள் அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார். 'இன்று இரண்டு தோசை.' 'வெளிச்சம் கண்ணைக் கூசவில்லையாம்.' 'என்னைத் திட்டினான். நல்ல முன்னேற்றம்.' கடைசி வரியில், 'இருபத்தொன்று. சரி. இனிமேல் வரக் காரணம் இல்லை' என்றிருந்தது.

மறுநாள் காலையிலும் வந்தார். பெட்டி கொண்டுவரவில்லை.