காபி இயந்திரத்துக்கு எதிர் நாற்காலி

1997, ஜூன். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த காபி இயந்திரத்தையும், அது நின்ற இடத்துக்கான உரிமையையும் நாச்சிமுத்து என்பவரிடமிருந்து விலைக்கு வாங்கினேன். அதற்கான பணம், அவிநாசிக்குப் பக்கத்தில் என் மனைவி சம்பூர்ணத்துக்கு இருந்த நிலத்தை விற்றதால் வந்தது.

1997, அக்டோபர். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த இடத்தைக் கைவிட்டேன். இயந்திரம் இன்றும் என் வீட்டுக் கார் கொட்டகையில் நிற்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மற்றவை யாவும் என் மைத்துனர் சென்னியப்பன் சொல்பவை.

சென்னியப்பன் சம்பூர்ணத்தின் அண்ணன். இந்தக் கதையை அவர் காதுகுத்திலும் கல்யாணத்திலும் சொல்லியிருக்கிறார். கடைசியாக சம்பூர்ணத்தின் கருமாதியன்று, பந்தி முடிந்து எல்லோரும் பேச்சற்று உட்கார்ந்திருந்த வேளையில் சொன்னார். பலர் சிரித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை; அவளும் சிரித்திருப்பாள். ஆனால் அவர் சொன்னதில் ஓரிடம் பிழை. விவரம் தெரியாத தங்கையைப் படித்த மாப்பிள்ளை ஏமாற்றி, நிலம் விற்ற பணத்தை எடுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்றார். சிரிப்புக்கு நான் எதிரியல்லன். பிழையான சிரிப்புக்கு எதிரி. ஆகவே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். நிலம் விற்ற பணத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் தாம் நடத்திய கிரைண்டர் பட்டறையில் சம்பூர்ணம் பங்குதாரராகச் சேரட்டும் என்றார் சென்னியப்பன். பலகையில் தன் பெயரும் வரும் என்பதில் அவளுக்கு ஆசை இருந்தது. எனக்கோ, கல்லை உருட்டி மாவரைக்கும் தொழிலில் எதிர்காலம் இல்லை என்று தோன்றியது. எதிர்காலம், பொத்தானை அழுத்தினால் தானாகக் காபி ஊற்றும் இயந்திரத்தில் இருந்தது. (கிரைண்டர் பட்டறை இப்போது மூன்று மாடிக் கட்டடம். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.)

நாச்சிமுத்து ஒளிவுமறைவு இல்லாதவர். முதல் சந்திப்பிலேயே, "உள்ளதைச் சொல்லிப்போடறனுங்க. யாவாரம் சுமாருங்க. நர்சம்மாக்க ரண்டு மூணு பேரு குடிப்பாங்க. எனக்குத் தோட்டத்து வேலை எச்சாப் போச்சு, அதுதான் குடுத்தரலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

தன் சரக்கைத் தானே மட்டம் தட்டும் மனிதர் ஏதோ ஒரு புதையலை மறைக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். (இந்த முடிவை எட்ட ஒரு முனைவர் பட்டம் தேவைப்பட்டது. படிக்காதவர் எவருக்கும் இது எட்டியிருக்காது.) என் சந்தேகத்தைப் பார்த்து அவரே, வேண்டுமானால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். அதற்காகவே காத்திருந்தவன் போல ஒப்புக்கொண்டேன்.

ஆய்வின் முதல் விதி, பார்ப்பவன் பார்க்கப்படுவதைப் பாதிக்கக் கூடாது என்பது. ஆகவே நோயாளியின் துணைக்கு வந்தவனைப் போல் வேடமிட்டேன். மழிக்காத முகம், சாயம் போன சட்டை, தோளில் துண்டு, கையில் நான்கு சாத்துக்குடி கிடக்கும் ஒயர்க் கூடை. நோட்டும் பேனாவுமாக இருந்தால் ஆடிட்டர் என்று நினைப்பார்கள் என்பதால், சம்பூர்ணத்திடம் ஒரு கை புளியங்கொட்டை வாங்கிச் சட்டையின் வலப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு காபி விற்றால் ஒரு கொட்டை இடப் பைக்கு மாறும்.

"பல்லாங்குழிக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே அள்ளிக் கொடுத்தாள்.

இயந்திரத்துக்கு நேர் எதிர் நாற்காலியில் அமர்ந்தேன். மருந்துக் கடையில் டோக்கன் வாங்கி இயந்திரத்தில் போட வேண்டும். அது சற்று உறுமிவிட்டுக் காகிதக் கோப்பையில் காபி என்ற பெயரில் ஒன்றை ஊற்றும். காலையில் நெடுநேரம் அது உறுமவே இல்லை. அப்போது அன்னூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"யாருக்குங்க?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகியிருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஊட்டுக்காரிக்குங்க."

அவர் உச்சுக்கொட்டினார். எழுந்துபோய் டோக்கன் வாங்கி, ஒரு கோப்பைக் காபியுடன் திரும்பி வந்து என் கையில் வைத்தார். "வேண்டாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் அதை மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருமுறை வற்புறுத்த வேண்டும் என்பதற்கான அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அவர் வற்புறுத்தினார். குடித்தேன். ஒரு கொட்டை இடம் மாறியது. விற்பனை நடந்தது உண்மை. யார் தொண்டைக்குள் போனது என்பது வணிகக் கணக்கில் வராது.

அதன்பின் பக்கத்து நாற்காலியில் ஆள் மாறும்தோறும் கேள்வி வந்தது, பதில் போயிற்று, காபி வந்தது. மாலையில் என் இடப் பை புடைத்திருந்தது. அன்றிரவு கண்ணை மூட முடியவில்லை. மறுநாள் சிவந்த கண்களுடனும் நடுங்கும் விரல்களுடனும் போய் உட்கார்ந்தேன். அந்தக் கோலத்தைக் கண்டவர்கள் உள்ளே நிலைமை கைமீறிவிட்டது என்று எண்ணியிருக்க வேண்டும். காபி இரட்டிப்பாக வந்தது. காபி கூடக் கூட நடுக்கம் கூடியது, நடுக்கம் கூடக் கூடக் காபி கூடியது. இயற்பியலில் இதற்கு நேர்ப்பின்னூட்டம் என்று பெயர். கட்டுப்படுத்தாவிட்டால் கருவி வெடித்துவிடும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். அன்று கருவியும் நானாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் சம்பூர்ணம் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் மதுக்கரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். கணவருக்குச் சிறுநீரகக் கல். முதல் நாளிலிருந்தே தம் கவலையோடு என் கவலையையும் சேர்த்துப் பட்டவர். சம்பூர்ணம் வந்து நின்ற அதே கணத்தில் அவர் என்னைக் கேட்டார்.

"உங்க சம்சாரத்துக்கு இப்ப எப்பிடீங்க இருக்குது? ராத்திரி தூங்குனாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் என் நாற்காலிக்கு அடியில் காகிதக் கோப்பைகள் குவிந்திருந்தன. சம்பூர்ணமும் அவற்றைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, முகத்தில் ஒரு கோடும் மாறாமல் பதில் சொன்னாள்.

"இப்பத்தானுங்க எந்திரிச்சு நடக்குது. சோறுகூட ஆக்குது."

"மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு நிற்கவில்லை. நல்ல செய்தி கேட்ட மகிழ்ச்சியில் எழுந்துபோய் எனக்கு ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, வார்டுக்குப் போனார்.

சம்பூர்ணம் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நான் மூன்று நாள் காணாததைக் காண அவளுக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"ஏனுங்க, எல்லார்த்து மடியிலயும் என்ன இருக்குதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். எல்லோரிடமும் பிளாஸ்க் இருந்தது.

"அல்லாரும் ஊட்டுக் காபி கொண்டாந்து குடிக்கறாங்க. இந்தத் தண்ணியக் காசு குடுத்து யாரு குடிப்பாங்க? பொண்டாட்டி படுத்துக் கெடக்கறா, காபி போட்டுக் குடுக்க ஆளில்லைன்னு நெனச்சுட்டு, பாவமுன்னு உங்களுக்கு மட்டும் வாங்கித் தாராங்க."

காரணம் எதுவானாலும் விற்பனை விற்பனைதான் அம்மணி, என்றேன். ஆப்பிள் ஏன் விழ விரும்புகிறது என்று நியூட்டன் விசாரிக்கவில்லை என்றும் சொன்னேன். (அந்த உதாரணம் எதற்குப் பொருந்தும் என்பதை இன்றுவரை கண்டறிய முடியவில்லை.) அவள் வாதாடவில்லை. துண்டால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"உங்களுக்கு இது வேணுங்களா?"

"வேணும்."

அவள் எழுந்து மருந்துக் கடைக்குப் போனாள். டோக்கன் வாங்கினாள். இயந்திரம் உறுமி முடியும்வரை பொறுமையாக நின்று, கோப்பையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இதையும் சேத்துக்குங்க."

நான் ஒரு கொட்டையை இடப் பைக்கு மாற்றினேன். அவள் போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சென்னியப்பன் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார். அவர் அங்கே இல்லை, ஆகையால் அவருக்குத் தெரியாது. நான் அங்கே இருந்தேன். சம்பூர்ணத்தை யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கூடத்தில் இயந்திரத்தின் மதிப்பை அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான், அறிந்தே கையெழுத்திட்டாள்.

வாங்கினேன். பலகை எழுதுபவரை வரவழைத்து, தகரத்தில் "சம்பூர்ணா காபி" என்று சிவப்பில் எழுதச் செய்து இயந்திரத்தின் தலைமேல் மாட்டினேன். உரிமையாளருக்குரிய சலவைச் சட்டையுடன் முதல் நாள் பக்கத்தில் நின்றேன். நர்சுகள் இரண்டு மூன்று பேர் குடித்தார்கள். நாச்சிமுத்து சொன்னதில் ஒரு கோப்பை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சலவைச் சட்டைக்காரனை யாரும் "யாருக்குங்க?" என்று கேட்கவில்லை; கோப்பை ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

செய்தி பெரியநாயக்கன்பாளையத்தை எட்டியதும் சென்னியப்பன் நேரில் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார் என்று முதலில் நினைத்தேன்.

"மாப்ளெ, எதுக்கு ரோசனை? தாடியும் துண்டுமா நீங்களே போயி எதுக்க உக்காந்துக்குங்க. யாவாரம் பிச்சுக்கும்."

சம்பூர்ணம் சமையலறையில் இருந்தாள். அங்கிருந்து வந்த சிரிப்பை நான் கேட்டேன். அதை மறுக்கப்போவதில்லை.

உச்சம் அதற்கப்புறம்தான் வந்தது. தூள் நிரப்ப வைத்திருந்த ஆள் வராத ஒரு நாள், இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து காபித் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மறுபரிசோதனைக்குக் கணவருடன் வந்திருந்த மதுக்கரை அம்மாள் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். முழங்கைவரை தூள் அப்பியிருந்த என்னைப் பார்த்து அவர் கண் கலங்கியது.

"ஆஸ்பத்திரிச் செலவுக்காக இந்த வேலைக்கு வந்துட்டீங்களா சாமி?"

இயந்திரம் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் டோக்கன் வாங்கிவிட்டார். அன்று நடந்த ஒரே வெளி விற்பனை அதுதான். அதையும் நானே குடித்தேன்.

அது முதல் எங்கள் உறவில் யார் கடை திறந்தாலும் எனக்கென்று வாசலில் ஒரு நாற்காலி போடப்படுகிறது. சென்னியப்பனின் மகன் திருப்பூரில் துணிக்கடை திறந்தபோது, பத்திரிகை கொடுத்த கையோடு, "மாமா, தாடி வெச்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். போனேன். மழித்துக்கொண்டுதான் போனேன். நாற்காலியிலும் உட்கார்ந்தேன்.

போன வருடம் அதே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கட்டடம் புதிது, கூடம் வேறு மாடியில். வேடமெதுவும் தேவைப்படவில்லை, தாடி தானாக வளர்ந்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்குங்க?"

"ஊட்டுக்காரிக்குங்க."

அவர் தம் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி நீட்டினார். வேண்டாங்க என்றேன். வற்புறுத்தினார். வீட்டுக் காபி. நன்றாக இருந்தது. என் வலக்கை சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது.

எல்லாம் சரியாகப் போய்விடும் என்றார். போகவில்லை.

ஆயினும் என் ஆய்வை யாரிடமும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அந்த வாரம் அளந்தது துல்லியமாகவே அளக்கப்பட்டது. அளந்த பொருளுக்குக் காபி வியாபாரம் என்று பெயர் எழுதியது மட்டுமே பிழை. சென்னியப்பன் அதற்காகச் சிரிக்கட்டும்.

செய்யாமல் நிற்பவை:

சென்னியப்பனிடம் மூன்றாம் நாள் மதியத்தைச் சொல்லி, கதையைத் திருத்தச் சொல்ல வேண்டும். சிரிப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

மதுக்கரை அம்மாளைக் கண்டுபிடித்து உண்மையைச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறாள் மகள். அது நடக்காது. பலகையை மட்டும் துடைக்க வேண்டும்; பெயர் மங்கிவருகிறது.

காபி போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.