கட்டிலுக்கு அடியில் ஒரு டாக்டர்

எங்கள் தெரு முனையில் சங்கிலி போட்டது திருட்டுப் பயத்தால் என்று தெருச் சங்கத் தலைவர் சொல்லி வருகிறார். பொய். கட்டில் டாக்டரின் வேன் உள்ளே வரக்கூடாது என்றுதான் போட்டார். செஞ்சியில் இது பல பேருக்குத் தெரியும். தலைவருக்கு எதற்கு மனக்கஷ்டம் என்று சும்மா இருக்கிறார்கள். நான் மாவு மில் வைத்திருப்பவள். நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள். எனக்கு மெதுவாகப் பேச வராது.

கட்டில் டாக்டர் என்பவர் நாய் பூனைகளுக்கு வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கிற மிருக டாக்டர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வேனில்கூட எழுதியிருக்கிறார். ஆனால் அது முன்னாள் ஸ்கூல் வேன். மேலே அடித்த வெள்ளைப் பெயின்டைத் தாண்டிக்கொண்டு 'பள்ளி வாகனம்' என்ற எழுத்துதான் பளிச்சென்று தெரியும். அனந்தபுரத்தில் ஒரு அம்மா அவசரத்தில் தன் பையனை டிபன் பாக்ஸோடு அதில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். இவர் அவனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அடுத்த நாயைப் பார்க்கப் போனார். பையன் மறுநாளும் அந்த வேன்தான் வேண்டும் என்று அழுதானாம்.

செஞ்சி வட்டாரத்தில் அவர் தலையை நுழைக்காத கட்டில் கிடையாது. உடம்பு சரியில்லாத நாயோ பூனையோ எங்கே போய் ஒளியும்? கட்டிலுக்கு அடியில். மற்ற டாக்டர்கள் என்றால் "வெளியே கொண்டாங்க" என்பார்கள். நாமும் காலைப் பிடித்து இழுப்போம், அது கையைக் கடிக்கும், அப்புறம் நமக்கும் ஊசி. இவர் இழுக்க விடமாட்டார். அது எங்கே படுத்திருக்கிறதோ அங்கேதான் வைத்தியம்.

என் நாய் துரைக்கு முதன்முதலில் பின்னங்கால் விழுந்தபோது வந்தார். ஆறடி உயரம், அதற்கு ஏற்ற தொப்பை.

"எங்கம்மா நோயாளி?"

"கட்டிலுக்கு அடியில சார். இருங்க, இஸ்துனு வரேன்."

"வோணாம். நீ ஜொரத்துல படுத்துனு இருக்கசொல்ல உன் கால நான் இஸ்தா உனுக்கு எப்டி இருக்கும்?"

சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் இருந்த பேனா, கண்ணாடி எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். தலை போனது, தோள் போனது, தொப்பை போகவில்லை. மூச்சை வெளியே விட்டுவிட்டு, தொப்பை இறங்கிய அந்த ஒரு நொடியில் சர்ரென்று உள்ளே போய்விட்டார். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் துரையைத் தொடக்கூட இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"அதுவா வந்து மோந்து பாக்கட்டும்மா. நான்தான அது ரூமுக்கு வந்துகிறேன்."

துரை மோந்து பார்த்தது. ஊசி போட்டதுகூட அதற்குத் தெரியவில்லை.

இப்படிக் காத்திருக்கும்போது அவர் தூங்கிவிடுவதும் உண்டு. குறட்டை கேட்டால்தான் நாய்க்குப் பயம் போகிறது என்பார். தூங்குவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

கட்டிலுக்கு அடியில் பார்த்ததை அவர் வெளியே சொல்லவே மாட்டார். பக்கத்துத் தெருவில் ரிட்டயரான கண்டக்டர் ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் பாட்டில் வைத்திருந்தார். டாக்டர் புரண்டு படுத்ததில் அது உருண்டது.

"அங்க இன்னா சார் சத்தம்?" என்றாள் மனைவி.

"நாய்க்கு மருந்தும்மா. நான்தான் கொண்டாந்தேன்," என்றது கட்டில்.

அந்த அம்மா விவரமானவள். "அத ராத்திரிக்குக் குடுக்கணுமா, பகல்லயா?" என்று கேட்டாள். டாக்டர் யோசித்து, "நிறுத்திடறது நல்லது," என்றார். வாசலில் நின்ற கண்டக்டர் அன்றைக்கே நிறுத்தினாராம். எத்தனை நாளைக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

மேல்சித்தாமூரில் ஒரு சமணர் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். வந்த விருந்தாளியை விட்டுவிட்டுச் சாப்பிடவும் மாட்டார்கள். இவரோ அவர்கள் வீட்டுப் பூனையோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறார். பூனை அசைகிற மாதிரி இல்லை, சூரியன் இறங்குகிறது. வீட்டுப் பெரியவர் வந்து வந்து குனிந்து பார்க்கிறார்.

"சார், இருட்டிடப் போவுது. உங்களால வீடே பட்டினி."

"நான் வெளிய வந்தா இது மேல பரண்ல ஏறிக்கும் ஐயா. அப்புறம் நான் பரண் ஏறணும்."

பரண் தாங்காது என்று பெரியவருக்குத் தெரியும். ஒரு தட்டில் இட்லி வைத்துத் தரையோடு உள்ளே தள்ளினார்கள். டாக்டர் படுத்தபடியே தின்றார். வீடே சுற்றி உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தது.

இப்போது தலைவர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தலைவரே, நானும் அங்கே இருந்தேன், மறக்க வேண்டாம்.

உங்கள் மகள் ரேவதியைப் பெண் பார்க்க வந்த நாள். காலையில் ரேவதியின் பூனைக்கு உடம்பு முடியவில்லை. அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வந்து கூடத்துக் கட்டிலுக்கு அடியில் போனார், காத்திருந்தார், தூங்கினார். வடை சுடுகிற அமளியில் வீடே அவரை மறந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று, சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வசதியான உடம்புக்காரர். நாற்காலியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு முனகு முனகியது. டாக்டர் விழித்துக்கொண்டார்.

அந்தம்மா மூன்றாவது வடையை எடுத்த நேரம் கீழேயிருந்து பாசமான ஆண் குரல் வந்தது.

"ஒடம்பு ரொம்ப ஏறிப்போச்சே தங்கம். யாரு உனுக்கு இப்டி அள்ளி அள்ளிப் போடறது?"

அந்தம்மா வடையைத் தட்டில் வைத்தார்.

"நாக்கக் கட்டணும். இல்லன்னா மூச்சு வாங்கும். ம், இப்ப வாலத் தூக்கு பாக்கலாம்."

தலைவரே, உங்கள் முகம் அவித்த கத்தரிக்காய் மாதிரி ஆனது. அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. "யாருப்பா அங்க, இந்த டார்ச்ச கொஞ்சம் புடி."

மாப்பிள்ளைதான் பக்கத்தில் இருந்தார். பட்டு வேட்டி, புதுச் சட்டையோடு தரையில் படுத்து டார்ச்சைப் பிடித்தார். பூனையின் தொண்டையில் மீன் முள். அதை எடுத்து முடிக்கும்வரை அப்படியே இருந்தார். எழுந்தபோது சட்டை முழுக்க ஒட்டடை. ரேவதி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்ற பெண், அன்று உள்ளே போய் அம்மாவிடம், "இவருன்னா சரி," என்றாள். மாப்பிள்ளையின் அம்மாகூடப் போகும்போது, "டாக்டர், எனக்குக்கூட படி ஏறுனா மூச்சு வாங்குது," என்று தனியாக விசாரித்துவிட்டுத்தான் போனார்.

கல்யாணம் நடந்தது. எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் சங்கிலி வந்தது. வெளி வண்டி வரக்கூடாதாம். பால் வண்டிக்குச் சாவி உண்டு, கேஸ் வண்டிக்கு உண்டு, தண்ணி கேன் ஆட்டோவுக்கு உண்டு. டாக்டர் வேனுக்கு மட்டும் கிடையாது. கேட்டால் "நோய் வண்டி" என்கிறீர்கள்.

டாக்டர் இப்போது திருவண்ணாமலை ரோட்டிலேயே வேனை நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார். முட்டி தேய்ந்துபோன மனிதர். செஞ்சி வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மூன்று பக்கமும் பாறை. என் துரை கிழடாகிவிட்டது. பின்னங்கால் சுத்தமாக விழுந்துவிட்டது. தூக்கினால் வலியில் அலறுகிறது, ஆட்டோக்காரன் ஏற்ற மாட்டேன் என்கிறான். டாக்டர் வந்தால்தான் அதற்கு உயிர்.

போன வாரம் அது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் நடந்து வந்து பார்த்தார். குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், பாட்டில் வேனில். என் மொபெட்டை வீட்டுக்காரர் எடுத்துப் போயிருந்தார், அதனால் டாக்டரே மறுபடி நடந்து போய் எடுத்து வந்தார். வாசலில் வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நான் போயி அந்தச் சங்கிலிய அறுத்துப் போட்டுட்டு வரேன் டாக்டரே."

"வோணாம்மா. பொண்ணப் பெத்தவரு. நாலு பேரு முன்னாடி தல குனிஞ்சிட்டோமேன்னு இருக்குது அவருக்கு. போவட்டும்."

இவ்வளவுதான் உங்களைப் பற்றி அவர் இதுவரை சொன்னது. நான் என்றால் இன்னும் நிறைய சொல்லியிருப்பேன்.

பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனார். அது இறங்கி முடியும்வரை துரையின் கழுத்தில் கை வைத்தபடி படுத்திருந்தார். சாயங்காலம் துரை தலையைத் தூக்கி அவர் கையை நக்கியது. ஆனால் டாக்டரால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் அவருக்கு மேலே இருந்த கட்டிலைத் தூக்கி நகர்த்திவிட்டு, அவரை மெல்ல எழுப்பினோம். நான் அவரை என் மொபெட்டில் உட்கார வைத்து வேன்வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம், "நாளைக்கு அதுக்குக் கஞ்சி குடும்மா, உப்பு போடாத," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

துரை இப்போது கஞ்சி குடிக்கிறது. ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை அவரால் நடக்க முடியுமா தெரியாது. என் நாயால் நடக்க முடியாது. இதற்கிடையில், முந்தாநாள் நடுமத்தியானம் தெரு தூங்கும்போது உங்கள் வீட்டுக்கு மட்டும் சங்கிலி அவிழ்ந்ததையும், டாக்டர் வேன் உள்ளே போனதையும் மில் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். ரேவதி விட்டுப்போன பூனைக்குக் காய்ச்சல் என்று கேள்வி. நீங்கள் கூப்பிட்டதும் அவர் வந்தார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்க மாட்டார், அவரை எனக்குத் தெரியும்.

அவர் தொப்பை இடிக்காமல் போய்வர என் கட்டிலின் நாலு காலுக்கும் கல் வைத்து உயர்த்திவிட்டேன். ஏறிப் படுக்க எனக்குத்தான் ஸ்டூல் வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. தலைவரே, உங்கள் பூனைக்கு வரலாம் என்றால் என் நாய்க்கு ஏன் அந்த வேன் வரக்கூடாது? வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், தெருவே உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.