எடை குறைத்த கல்யாணப் பத்திரிகை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருபவனை ஒரு மாதமாவது வீட்டுத் தூணில் கட்டிப்போட வேண்டும். என்னை யாரும் கட்டவில்லை. அதனால் என் தங்கை கயலின் தாலி, முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தது.

வெப்சைட் செய்து பிழைப்பவன் நான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆன்லைனில் ஒரு வகுப்பு கேட்டேன். படம், பாட்டு என்று அடைத்த கனமான வெப்சைட்டை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போனும் சர்வரும் கூடுதல் மின்சாரம் தின்கின்றனவாம், பூமி சூடாகிறதாம். அதுவரை பாத்ரூம் விளக்கைக்கூட அணைக்காதவன் (அம்மா சாட்சி), அன்றே பூமியைத் தத்தெடுத்துக்கொண்டேன்.

முதலில் சிக்கியது, கயல் கல்யாணத்துக்கு நானே செய்து எல்லோருக்கும் அனுப்பியிருந்த அழைப்பிதழ் வெப்சைட். கொட்டிக்கொண்டிருந்த ரோஜா இதழ்களை நிறுத்தினேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். வீடியோவைத் தூக்கினேன். போட்டோக்களைப் பிழிந்து சக்கையாக்கினேன்.

அம்மா போனை உற்றுப் பார்த்தாள். "ஏண்டா, மாப்ள மூஞ்சி பூரா கட்டங்கட்டமா இருக்கு?"

"பூமிக்கு நல்லதும்மா."

"பொண்ணுக்கு நல்லதாடா?"

அதோடாவது விட்டிருக்கலாம். இருந்ததிலேயே கனமானது மேப் என்று தெரிந்ததும், அதையும், அதிலேயே இருந்த மண்டபத்தின் பெயரோடு பிடுங்கிவிட்டு ஒரு வரி எழுதினேன்: 'ஆரப்பாளையத்திலிருந்து வந்தால், சமயநல்லூர் தாண்டி இடதுபுறம் மண்டபம்.' (மேப்புக்கு ஒரு லிங்க் கொடுத்திருந்தால் போதும், அதற்கு எடையே கிடையாது. வகுப்பின் இரண்டாம் பாதியில் அதைச் சொன்னார்களாம். நான் முதல் பாதியிலேயே சேவைக்குக் கிளம்பிவிட்டேன்.)

சமயநல்லூர் தாண்டி இடதுபுறம் இரண்டு மண்டபங்கள் இருந்தன.

கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் அக்கா தாலியோடு பழங்காநத்தத்திலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்தான் பாக்கி. மணமேடையிலிருந்து கயல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, தாலி எங்கண்ணே?"

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நாங்க வந்து அரை மணி நேரமாச்சே தம்பி! வேன நேரா பந்தி வாசல்லயே நிப்பாட்டிட்டாக. கேசரி பிரமாதம்."

"அக்கா, நம்ம பந்தியில கேசரியே கெடையாது!"

மறுமுனையில் அவர் யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது: "அண்ணே, இது யாரு வீட்டுக் கல்யாணம்?"

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் பறந்தேன். வழியிலேயே வேன் எதிரே வந்தது. கையைக் காட்டினேன். அது இடதுபுறத்தையே பார்த்துக்கொண்டு என்னையும் தாண்டி, எங்கள் மண்டபத்தையும் தாண்டிப் போனது. திரும்பித் துரத்தி மறித்து, ஜன்னல் வழியாகத் தாலித் தட்டை வாங்கி, மேளம் கொட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு மேடை ஏறினேன். ஏறிய வேகத்தில் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு போய் ஐயர் மடியில் விழுந்தது.

பின்னாலேயே வந்த வேன் டிரைவர் பெருமூச்சு விட்டார். "கரண்ட மிச்சம் பண்றேன்னு எம்புட்டு டீசல ஊத்த வச்சுட்டீக தம்பி!"

இப்போதும் எடை குறைந்த வெப்சைட்தான் செய்கிறேன், வகுப்பை முழுசாகக் கேட்டுவிட்டு. ஆனால் எங்கள் சொந்தத்தில் யாரும் என்னிடம் கல்யாண வெப்சைட் கேட்பதில்லை. கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே, வழிகாட்ட என்னை மண்டபத்துத் திருப்பத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்து நிற்க வைத்துவிடுகிறார்கள். போன மாதம் வந்த பத்திரிகையில், மண்டபத்தின் பெயருக்குக் கீழே அச்சிலேயே போட்டிருந்தார்கள்: 'வழி: ரோட்டோரம் கயலின் அண்ணன் நிற்பார்.'