அழ விடாத பனி

எனக்கு அழுகை சுலபமாக வரும். பள்ளி ஆண்டு விழாவில் யார் பிள்ளை பரிசு வாங்கினாலும் நான் மூக்கை உறிஞ்சுவேன். அப்படிப்பட்டவள், கிடைத்த ஒரே சினிமா வேடத்தில், கணவன் பிணத்தின் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில்தான் படக்குழு தங்கியிருந்தது. சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தலைச்சோலையில் காப்பி மூட்டை திருட வந்தவர்கள் எஸ்டேட் வாட்ச்மேனை அடித்துக் கொன்ற உண்மைச் சம்பவம்தான் கதை. அவர் மனைவியாக நடிக்க இயக்குநர் என்னைக் கேட்டார். ("உங்க முகம் ரொம்பச் சாதாரணமா இருக்கு மேடம்." இதைப் பாராட்டு என்று நம்பி ஊரெல்லாம் சொன்னேன்.)

நிஜ மனைவி எலிசபெத் அக்கா, சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் உட்காருபவர். தன் சேலையையே கொண்டுவந்து கொடுத்தார்.

"போலீசு, கோர்ட்டுன்னு அலைஞ்சதுல நானே அவருக்குச் சரியா அழுவல கண்ணு. நீயாவது நல்லா அழுவோணும்."

"ஊரே சேந்து அழுவுறாப்பல அழுவறனுங்க அக்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

படப்பிடிப்பில் "ஐயோ" என்று வாயெடுத்ததுமே "கட்!" என்றார் இயக்குநர். "அழுகை வேண்டாம். பனியை மட்டும் பாருங்க." பார்த்தேன். முகத்தையாவது எடுத்தார்களா? முதுகை எடுத்தார்கள்.

சர்ச் ஹாலில் இயக்குநரே வந்து படம் போட்ட அன்று அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மடியில் இரண்டு கைக்குட்டைகள். ஒன்று எனக்காம். திரையில் மிளகுக் கொடி, ஈரப் பாறை, பனி. சும்மா சொல்லக் கூடாது, அழகோ அழகு. கொலைகூடக் காலண்டர் படம் மாதிரி இருந்தது. யாருக்கும் எதுவும் நேர்ந்ததாகவே தெரியவில்லை. "நம்மூருங்களா இது!" என்று பின்னால் யாரோ வியந்தார்கள். என் காட்சி வருவதற்குள் கரண்ட் போகாதா என்று வேண்டினேன். (தூறல் விழுந்தாலே போகும் கரண்ட், அன்று மழையிலும் போகவில்லை.)

என் முதுகு வந்தது. பனி வந்தது. முதுகு பனிக்குள் போனது. படமே முடியப் போகிறது.

அக்கா என் காதருகே குனிந்தார். "பனி நொம்ப நல்லா இருக்குது கண்ணு. நீ எப்ப அழுவ?"

அவ்வளவுதான். "ஐயோ அக்கா!" என்று நான் பெருங்குரலில் ஆரம்பித்தேன். தேற்ற வந்த அக்கா, தன் கணவர் பேரைச் சொல்லித் தானும் உடைந்து அழுதார். அதைக் கேட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கைப் போட்டபோது ஹாலே அழுதுகொண்டிருந்தது. தன் படம்தான் சாதித்துவிட்டது என்று நெகிழ்ந்து, இயக்குநர் மேடையிலிருந்து எங்களைக் கும்பிட்டார்.

அக்கா என்னை அன்றே மன்னித்துவிட்டார். என் கணவர்தான் இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார்: "நான் பனி இல்லாத நாளாப் பாத்துத்தானுங்க சாவோணும். இல்லீன்னா இவ அதையே பாத்துட்டு நின்னுக்குவா."