ஊர்க்கூடத்துப் பாய்லர் குறித்துச் சொல்லப்பட வேண்டியவை

கூலம்பா ஊர்க்கூடம்,
சமையலறை மேசை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள கிளெனிஸ் அத்தைக்கு,

மார்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் டக் மாமாவும் கேரவனும் உடையாமல் கொள்ளாமல் வடக்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஜூலை நடுக்குளிர்காலம், காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுகிறது. நீங்கள் கடற்கரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதாக அம்மா கொஞ்சம் கோபமாகச் சொன்னாள். உங்கள் கோழிகள் மூன்றும் நலம். நான்காவதைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள்.

கூடத்துச் சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "யாரோடயும் பேச வேண்டாம்டி, சுத்தமா வச்சுக்கிட்டா போதும்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். எழுந்து நின்று படிக்கச் சொல்கிறார்கள் என்பதால் பள்ளிக்கூடத்தையே பதினைந்து வயதில் விட்டவள் நான். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு பாடம். யார் செய்ய வேண்டும் என்று சொல்லாமலே நம் ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் சொல்லிவிடலாம். 'கோப்பைகள் கழுவப்பட வேண்டும்' என்று எழுதினால் போதும், கோப்பையைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்குச் சுடும். கண்டிப்புக்கு 'வேண்டும்', தயவுக்கு 'லாம்', சந்தேகத்துக்கு 'கூடும்'. மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், எனக்கோ அளவெடுத்துச் செய்துவைத்த மாதிரி இருந்தது. நம் கூடத்திலும் வேறு மொழி ஏது? எதிரே உட்கார்ந்து ஸ்கோன் ரொட்டி தின்பவரிடம் கோப்பையைக் கழுவுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் சுவரில் ஒட்டுகிறார்கள். நீங்கள் தலைவியாக இருந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சுவரின் நிறம் என்ன என்பதே ஊருக்கு மறந்துவிட்டது.

இனி பாய்லர் விஷயம். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள், புதன்கிழமை, தையல் குழுவுக்காகத் தேநீர்ப் பாய்லரைப் போட்டேன். அவர்கள் அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார்கள், ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு. நான் நாற்காலி அறைக்குள் போய் நாற்காலி எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பதினான்கு. சரியா என்று இன்னொரு முறை எண்ணினேன். அதற்குள் எல்லோரும் தேநீர் பிடித்துவிட்டார்கள், அணைக்க வேண்டியவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், பாய்லர் தண்ணீரெல்லாம் வற்றித் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஓடினேன். அணைத்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்தேன். மறுநாள் காலை கேரவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, கடைசியாக ஒரு தாள் ஒட்டவேண்டும் என்று நீங்கள் உள்ளே வந்தீர்களே, அப்போதே சொல்ல நினைத்தேன். "மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு?" என்று நீங்களே கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். டக் மாமா ஹாரன் அடித்தார்.

அன்று பிற்பகல் முதியவர்களின் பந்து உருட்டும் ஆட்டம். மெர்வின் வழக்கம்போல முதல் ஆளாக வந்து பாய்லர் குமிழைத் திருப்பினார். அரைமணி ஆகியும் தண்ணீர் சில்லென்று இருந்தது. செயலாளர் ரேலீன் வந்து, உள்ளே எட்டிப்பார்த்து, அடிப்பக்கம் கறுத்திருப்பதைக் கண்டு, "இது தவறாகக் கையாளப்பட்டிருக்கக்கூடும்" என்றார். பாய்லரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எல்லோரும் மெர்வினைப் பார்த்தார்கள். எப்போதோ கூடத்து ஹீட்டரைக் கழற்றி, மாட்டும்போது இரண்டு திருகாணியை மிச்சம் வைத்தவர் அவர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் 'கூடும்' போய் 'வேண்டும்' வந்துவிட்டது: தவறாகக் கையாளப்பட்டிருக்க வேண்டும், ஆகவே குழுவின் அனுமதியின்றிப் பாய்லர் எவராலும் தொடப்படக் கூடாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அதை என்னிடம் எழுதக் கொடுத்தார்கள். நானும் எழுதினேன் அத்தை. கோடு போட்டு, ஓரத்தில் பூ வரைந்து எழுதினேன். பாய்லர் மேலேயே ஒட்டினேன்.

அடுத்த வியாழன் மெர்வின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"எழுத்து ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்றார். "யார் பேரும் இல்ல பாத்தியா? ஆனா எனக்கே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி கச்சிதமா இருக்கு."

ஆடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வியாழன் வரவே இல்லை. மனைவி ஜூன் அத்தை இறந்த பிறகு அவர் இஸ்திரி போட்ட சட்டை போடுவது அந்த ஒரு நாள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா கொடுத்த பூசணி ஸ்கோனோடு போய்ப் பார்த்தேன். "முட்டி வலி கண்ணு, அவ்வளவுதான்" என்றார். நாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த வழியில் ஒப்புக்கொள்ளப் பார்த்தேன். 'பாய்லர் வற்றவிடப்பட்டிருக்கலாம்' என்று ஒரு தாள் ஒட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. 'பாய்லர், மெர்வின் அல்லாத ஒருவரால் வற்றவிடப்பட்டிருக்கக்கூடும்' என்று இன்னொன்று. ரேலீன் அதன் அடியில் சிவப்பு மையால் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அதனால் இந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு, பாத்திரத்தில் கொதிக்கவைத்த தேநீரைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய், தட்டை வைத்துவிட்டு, திரும்பி ஓடாமல் நின்றேன். பதினொரு பேர். காது இரண்டும் எரிந்தன.

"நான்தான்" என்றேன்.

"நீதான் என்ன? சக்கரை போடாதவளா?" என்றார் ரேலீன்.

"பாய்லர வத்தவிட்டது நான்தான். மெர்வின் இல்ல. தையல் குழு வந்ததும் நாற்காலி ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ, "அட, இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார்கள். ரேலீன் பேனாவைத் திறந்து, 'மெர்வினிடம் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"யாரு கேக்கணும்?" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ரேலீன் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பேனாவை மூடினார். "சரிடியம்மா. நானே போய்க் கேக்கறேன், போதுமா?" என்று அப்போதே காரை எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று மெர்வின் வந்தார், சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்திபோல இருந்தது. செத்த பாய்லரைக் கோழித் தண்ணீர்த் தொட்டியாக மாற்றிக்கொள்ளச் சொல்லி அவருக்கே கொடுத்துவிட்டார்கள். "தொடப்படக் கூடாதுன்னு போட்டிருக்கே, கையுறை மாட்டிக்கவா?" என்று கேட்டு, பூப்போட்ட என் தாளோடு சேர்த்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். புதுப் பாய்லர் அடுத்த வாரம் வரும்.

நீங்கள் லேமிங்டன் கேக் செய்து விற்று வாங்கிய பாய்லர் அது. தீய்த்தது நான். உங்களுக்குக் கோபம் வரும், அது நியாயம். சாவி திரும்பப் பெறப்பட வேண்டுமென்றால், இல்லை, நேராகவே எழுதிவிடுகிறேன்: சாவியை நான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

மாமாவுக்கு என் அன்பு. நீங்கள் போகும் வழியெல்லாம் நல்ல சாலையாகவும் நல்ல டீயாகவும் அமையட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்
மார்லி

பி.கு.: இன்று சனிக்கிழமை. நேற்றே தபாலில் போடாதது நல்லதாய்ப் போயிற்று. காலையில் மெர்வின் பாய்லரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். "கண்ணு, சும்மா வீட்ல மாட்டிப் பாத்தேன். பத்தே நிமிஷத்துல கொதிச்சிடுச்சு. அடி கறுத்திருக்கு, அவ்வளவுதான். இதுக்கு ஒரு நோவும் இல்ல" என்றார். இங்கே மாட்டினால் மறுபடியும் சில்லென்றே இருந்தது. இரண்டு பேரும் சுவரைத் தடவிப் பார்த்தோம். குமிழைத் திருப்பியே பழகியதால் சுவர் சுவிட்சை யாரும் நினைக்கவில்லை. பிளக்குக்கு மேலே ஒரு தாள், அதன் அடியில் சுவிட்ச், அணைந்திருந்தது. நான்கு மூலையிலும் டேப் போட்டுக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டிய இளஞ்சிவப்புத் தாள், நீங்கள் கிளம்பிய தேதியோடு: 'இந்தச் சுவரில் இனி எந்த அறிவிப்பும் ஒட்டப்படக் கூடாது.' மெர்வின் சிரித்துச் சிரித்து உட்கார நாற்காலி கேட்டார். நூற்றுப் பதினான்கில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன்.

சத்தம் கேட்டு ரேலீன் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "சுவிட்ச் தவறுதலாக அணைக்கப்பட்டிருக்கக்கூடும்" என்றேன். "யாரால?" என்றார், என்னிடம் கற்றுக்கொண்டது. நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

சாவி என்னிடமே இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள் என நம்புகிறேன். இளஞ்சிவப்புத் தாள் பத்திரமாக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. யாரால் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.