பயத்தை வெல்ல ஞாயிறுதோறும் வகுப்பு

அடுத்தவர் வாழ்க்கையை மட்டும் முன்னேற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் இடையே கொசுவுக்குச் சமமாகப் பெருகினார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருந்திருப்பாரே? எங்களுக்கு வாய்த்தவர் சாய்நாத்.

வங்கி அதிகாரி. தி.நகர் ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போனவர், திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார். "சௌக்கியமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்கள் இலக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். தள்ளுவண்டிக்காரரையும் விடவில்லை.

"இந்தக் கத்திரிக்காய வித்துட்டு வூட்டுக்குப் போறதுதான் சார்."

சாய்நாத் அவருக்காக மனதார வருந்தினார்.

பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடித்து, சஃபாரி சூட் தைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் 'பயத்தை வெல்வது எப்படி' என்று வகுப்பெடுத்தார். தேர்வுக்குப் பயந்தவர்கள், மேலதிகாரிக்குப் பயந்தவர்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். "பயம் என்பது வெறும் எண்ணம்" என்று அவர் மேஜையைத் தட்டினால் கடைசி வரிசை வரை நிமிர்ந்து உட்காரும்.

அந்த சஃபாரி சூட்டின் காலருக்குள் ஒரு கட்டி இருந்தது. சுண்டைக்காய் அளவில் தொடங்கி எலுமிச்சைக்கு வந்துவிட்டது. டாக்டர் என்று மனைவி விஜயலக்ஷ்மி வாயெடுத்தாலே, சாய்நாத்துக்குக் குளியலறையில் வேலை வந்துவிடும்.

ஒரு ஞாயிறு, வகுப்பில் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி, கேள்வி நேரத்தில் தானும் கையைத் தூக்கினாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். கழுத்துல கட்டி. டாக்டர்ட்ட போகப் பயப்படறார். என்ன பண்ணலாம்?"

சாய்நாத்தின் கை காலருக்குப் போயிற்று. ஆனால் ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கண்டால் அவர் வாய் அவரைக் கேட்காது.

"நாளைக்கே அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுத்துப் போங்கள்."

பலத்த கைதட்டல்.

"சரி, கார்த்தால ஆட்டோக்குச் சொல்லிடறேன்" என்று அவள் தம்ளர்களைப் பொறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார் சாய்நாத். 'பயம் என்பது வெறும் எண்ணம்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பயம் கேட்கவில்லை. வேறு யாராவது மேஜையைத் தட்டிச் சொன்னால் கேட்குமோ என்னவோ.

ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் செண்பகம், "இன்னா சார், இவ்ளோ ஏறிக்கீது. பயமாக்கீதா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆமாம்மா, ரொம்ப" என்று வந்தது. சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் சுலபமாக இருந்தது. டாக்டர் கட்டியில் ஊசி குத்தியபோது விஜயலக்ஷ்மியின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்.

பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் அவர் யாருடைய இலக்கையும் விசாரிக்கவில்லை. வந்த சேதி, வெறும் கொழுப்புக்கட்டி.

ஆட்டோ அடையாறு பாலம் ஏறுவதற்குள், "இதையே அடுத்த வகுப்புல சொல்லலாம்னு இருக்கேன். எப்படி தைரியமா எதிர்கொண்டேன்னு" என்றார்.

விஜயலக்ஷ்மி மணிக்கட்டை நீட்டினாள். நகம் பதிந்த இடம் இன்னும் கன்றியிருந்தது. "இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

சொன்னார். ஹால் விழுந்து விழுந்து சிரித்தது, அவரும்தான். அதற்கப்புறம் வகுப்புக்குக் கூட்டம் குறைந்ததாக இல்லை.

போகட்டும். படிக்கும்போதே, இதை யாரிடம் காட்டினால் அவர் திருந்துவார் என்று உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்குமே? தோன்றியிருந்தால், அடுத்த ஞாயிறு ஹாலை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.