பத்துக்கு எத்தனை?

"சோளன் கடிக்கிறதுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி தருவீங்க அம்மா?"

"பத்து, மகள்!"

"சிரிக்கிறதுக்கு?"

"அதுக்கு நான் பதினொண்டு தருவன்!" என்று இலட்சுமிப்பிள்ளை வாய் நிறையச் சிரித்தாள்.

வயல் வட்டையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அவள் புருசன் நல்லரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் வீடு திரும்பினால் போதும், போன் மேசையில் ஸ்பீக்கர் போட்டுக் கிடக்கும். மட்டக்களப்பு டவுன் பல் கிளினிக்கின் நேர்ஸ் பிள்ளை நிருஷா, புதுப் பல் வசதியா, திருப்தியா என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.

முன்பு இலட்சுமிப்பிள்ளையிடம் இருந்தது கழற்றி மாட்டும் பல்செட். சிரித்தால் நழுவும். அதனால் பத்து வருசமாகச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். இப்போதோ தாடையெலும்பில் திருகாணி இறுக்கி, அதன்மேல் அசையாமல் பூட்டிய பல்வரிசை. செட்டிபாளையம் ஊர் முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச்சு.

நல்லரத்தினத்துக்கு அறுபத்தேழு வயதிலும் எல்லாம் சொந்தப் பல். நண்டுக்காலைக் கடைவாயில் வைத்து நொறுக்கி ஊருக்குள் பேர் எடுத்தவர். பல் டொக்டரிடம் ஒருநாளும் வாயைத் திறந்தவரல்ல. அப்பேர்ப்பட்ட வாயைப் பற்றி இத்தனை வருசத்தில் ஒருவராவது போன் எடுத்துக் கேட்டதுண்டா?

"என்ட பல்லுக்கு நூறு எண்டு சொல்லு!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

"பல்லு முரசு வீங்கி ரத்தம் வருது, இவர் நூறாம். ஒருக்கா டொக்டருக்கிட்டக் காட்டுங்கவன்."

"சொந்தப் பல்லுக்கு டொக்டர் என்னத்துக்கு?"

பல்லின் வெள்ளை நிறம்தான் அவளுடைய பலம் என்று அவருக்குப் பட்டது. மறுநாள் விடிந்ததும் உமிக்கரியில் உப்பைக் கலந்து, தேசிக்காய் பிழிந்து, கிணற்றடியில் நின்று தேய் தேய் என்று தேய்த்தார். பல் வெளுக்கவில்லை. முரசு கிழிந்து, ஒரு கிழமை கஞ்சிதான் குடித்தார்.

அது முடிந்து வந்த ஞாயிறு, இலட்சுமிப்பிள்ளையின் தமையன் கோணாமலை வாவி நண்டோடு வந்தார். பெரிய நண்டுக்கால் எப்போதும் நல்லரத்தினத்துக்குத்தான். அன்று அவர் கையை நீட்ட, கோணாமலை அதைக் கொண்டுபோய்த் தங்கச்சியின் சோற்றுக்கோப்பையில் வைத்தார்.

"நீ கடி பாப்பம் தங்கச்சி. இப்ப உன்ட பல்லுத்தானே ஊருக்குள்ள பெரிசு!"

"இவ்வளவு கெட்டியானத எனக்குக் கடிக்கப்படாதாம் அண்ணன். அவருக்கும் ஏலா, பாவம். குழவியால தட்டித் தாறன்."

"பாவமா? ஆரு பாவம்?"

நல்லரத்தினம் நண்டுக்காலைப் பறித்துக் கடைவாயில் வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் முன்பல்லாலேயே கடித்தார். படாரென்று சத்தம் கேட்டது. நண்டுக்காலில் ஒரு கீறலும் இல்லை. உடைந்த பல்லை நண்டுக் குழம்பு ஆணத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "நல்ல ருசி" என்றார்.

அன்று முதல் தோள் துவாயால் வாயைப் பொத்தினார். கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். வயல்காரர்களின் வட்டைக் கூட்டம் வந்தபோது துவாய் உதவாது என்று, தேங்காய்ச் சொட்டொன்றைச் செதுக்கி இடைவெளியில் இறுக்கிக்கொண்டு போனார். கச்சிதமாக இருந்தது. கூட்டத்தில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை வந்தது. நல்லரத்தினம் எழுந்து பேசிய வேகத்தில் தன் புதுப் பல்லைத் தானே மென்று விழுங்கிவிட்டார். சபை சிரித்த சிரிப்பு வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பினால், ஸ்பீக்கரில் நிருஷாவின் குரல்.

"பத்துப்பேருக்கு முன்னால கதைக்கிறதுக்கு எத்தனை அம்மா?"

"பத்து, மகள்!"

இதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை, பசளை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினார்.

கிளினிக்கில் மேசைக்குப் பின்னால் இருந்த நேர்ஸின் சட்டையில் நிருஷா என்று பேர் எழுதியிருந்தது.

"பேர் சொல்லுங்க ஐயா."

"கோணாமலை," என்றார் துவாய்க்குள்ளிருந்து.

அவள் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நல்லரத்தினம் ஐயாதானே? உங்கட குரல எனக்குத் தெரியாதா? 'என்ட பல்லுக்கு நூறு!'"

அவர் துவாயை எடுத்தார். வெட்கத்தில் காது சிவந்தது.

"இலட்சுமிக்குப் பூட்டின மாதிரி எனக்கும் பூட்டுங்க மகள். அவவின்டய விடக் கொஞ்சம் கூடுதலா வெள்ளையா."

"முதல்ல டொக்டர் முரசப் பாக்கட்டும். மறுகா உடைஞ்ச பல்லுக்கு என்ன செய்யிற எண்டு யோசிப்பம். வந்தீங்களே, அதுவே பெரிய காரியம்."

அவர் அங்கிருந்து நகரவில்லை. கேட்க வந்த பெரிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுசரி மகள்... மறுகா எனக்கும் வெள்ளிக்கிழமையில போன் கோல் எடுத்துக் கேப்பீங்கதானே?"

நிருஷா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நாங்க ஆருக்கும் கோல் எடுக்கிறல்ல ஐயா, அம்மாதான் ஒவ்வொரு வெள்ளியும் எங்களுக்கு எடுத்து, 'மனிசன் வாசலுக்கு வந்திட்டார், கெதியாக் கேள்வியக் கேளு புள்ள, எரிச்சல்லயெண்டாலும் ஒருநாளைக்குப் பல்லக் காட்ட வருவார்' எண்டு சொல்லுறவ!"